வாலிபரோடு பூசல் குறித்துப் பேசுதல்

பஸ்கா இரவில் கேள்வி கேட்பவர் பிள்ளைகளே. பெரியோர் விடையளிக்கக் கடமைப்பட்டவர். இக்கேள்வியை யாத்திராகமம் 12ஆம் அதிகாரமே எதிர்நோக்குகிறது. யூதர் இருவர் இருவராய் அமர்ந்து வாதிட்டே வேதம் கற்பர். ஹில்லேல் மரபினர் தம் கருத்துக்கு முன்னர் சம்மாய் மரபினரின் கருத்தை எடுத்துரைத்தனர். அதனாலேயே அவர்தம் தீர்ப்பு நிலைபெற்றதெனத் தால்மூது கூறும். 2023 அக்டோபர் 7க்குப் பின் மூண்ட காசா போரைப் பற்றி யூத வாலிபரோடு பேச விழையும் ஆசிரியர்க்கு இம்மரபு கைவசம் உண்டு.

நமக்கோ? 1997இல் போக்குவரத்துக் கழகமொன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டபோது விருதுநகர் மாவட்டத்தில் சாதிக் கலவரம் மூண்டது. அவ்வாண்டே அரசு கழகங்கள், மாவட்டங்கள் யாவற்றினின்றும் தலைவர்தம் பெயர்களை நீக்கிற்று. பெயர் போயிற்று, காரணம் போகவில்லை. திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இன்று பேருந்துக்கு நிற்கும் மாணவர் அப்போது பிறந்திலர். எனினும் யார் எத்தெரு என்பதை அறிவர். நாமோ சபை பிளவுபடும் என அஞ்சி, வாலிபர் கூட்டத்தைப் பாட்டோடு முடித்துவிடுகிறோம்.

எதிர்த்தரப்பாரின் குறையை அவர்களே ஒப்பும் சொற்களில் எடுத்துரைக்கப் பழக்குவதே தொடக்கம் எனக் கருதுகிறோம். ஆயின் வீடிழந்தோரின் பிள்ளையிடம் இதனை முதலில் கேட்டல் கொடுமை. வலுத்த தரப்பின் பிள்ளையே முதலில் பேசட்டும்.