ஆர்ஜினினும் குருதிக்குழாய்த் தளர்வும்: ஆரணி நெசவாளர் உடல்நலம் சார்ந்து ஒரு விளக்கம்

திருவண்ணாமலை மாவட்டம் ஆரணியில் நெய்யப்படும் பட்டு, வேதியியல் நோக்கில் அமினோ அமிலங்களின் நீண்ட சங்கிலியாகும். அவ்விழையில் கிளைசின், அலனின், செரின் ஆகியவை மிகுந்துள்ளன. ஆர்ஜினின் மிகச் சிறிதளவே உண்டு. பட்டை நெய்பவரின் குருதிக்குழாய்களிலோ அந்த ஆர்ஜினினே இன்றியமையாத மூலப்பொருள். எனவே அதனை மிகுதியாக உட்கொண்டால் குழாய்கள் மேலும் விரியும் என்று ஊட்டப்பொடி விளம்பரங்கள் கூறுகின்றன. இக்கூற்று எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1980இல் ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் பெருந்தமனித் துண்டுகளில் அசிட்டைல்கோலினைச் செலுத்திப் பார்த்தார். உட்படலம் சிதையாதிருந்த துண்டுகள் தளர்ந்தன. உட்படலம் தேய்த்து நீக்கப்பட்டவை தளரவில்லை. ஆகவே தளர்த்தும் பொருள் உட்படலத்திலிருந்தே வெளிப்படுகிறது என்பது உறுதியாயிற்று. அப்பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்பது 1987இலும், அது ஆர்ஜினினிலிருந்து உருவாகிறது என்பது 1988இலும் சால்வடோர் மொன்காடா குழுவினரால் காட்டப்பட்டன. 1998ஆம் ஆண்டின் நோபல் பரிசு ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகியோருக்கு வழங்கப்பட்டது. மொன்காடா விடுபட்டது வியப்புக்குரியதே.

உட்படல உயிரணுக்களில் உள்ள நொதி, ஆர்ஜினினையும் ஆக்சிஜனையும் கொண்டு சிட்ருலினையும் நைட்ரிக் ஆக்சைடையும் ஆக்குகிறது. சில நொடிகளே நிலைக்கும் அவ்வாயு அடுத்துள்ள மென்தசைக்குள் பரவி, சுழல் ஜி.எம்.பி. எனும் மூலக்கூறின் அளவை உயர்த்துகிறது. அதனால் தசையுள் கால்சியம் குறைய, குழாய் தளர்ந்து விரிகிறது.

சிக்கல் இங்குதான் எழுகிறது. அந்நொதி தன் உச்ச வேகத்தில் பாதியை எட்ட, லிட்டருக்கு ஏறத்தாழ 3 மைக்ரோமோல் ஆர்ஜினின் போதும். குருதியிலோ இயல்பாகவே 80 முதல் 100 மைக்ரோமோல் வரை உள்ளது. நெசவாளரின் அருகே ஊடைத் தார்கள் குவிந்து கிடப்பதால் தறியின் வேகம் கூடிவிடாதன்றோ! எனினும் சில சிறு ஆய்வுகளில் ஆர்ஜினின் உட்கொண்டோரின் குருதியழுத்தம் ஓரளவு குறைந்தது. நொதியைத் தடுக்கும் டைமெத்தில் ஆர்ஜினின் சிலரது குருதியில் மிகுந்திருப்பதும், அவர்களிடம் கூடுதல் ஆர்ஜினின் அத்தடையை வெல்வதும் இதற்கு ஒரு விளக்கம். மேலும், வாய்வழி உட்கொள்ளும் ஆர்ஜினினில் ஒரு பகுதியைக் குடலிலும் கல்லீரலிலும் ஆர்ஜினேஸ் நொதி சிதைத்துவிடுகிறது.

இதில் எச்சரிக்கையும் தேவை. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மாரடைப்புக்குப் பின் நோயாளிகளுக்கு நாள்தோறும் 9 கிராம் ஆர்ஜினின் வழங்கப்பட்டது. குருதிக்குழாய்களின் விறைப்பு குறையவில்லை. ஆர்ஜினின் பெற்றோருள் அறுவர் இறந்தனர். வெற்று மருந்து பெற்றோருள் ஒருவரும் இறக்கவில்லை. ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. மாரடைப்பு கண்டவர் இப்பொடியைத் தாமாக வாங்கி உண்பது தகாது. ஆரணி வட்டாரத்தில் விளையும் நிலக்கடலையிலேயே 100 கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம் ஆர்ஜினின் உள்ளது. அன்றாடத் தேவைக்குப் புரத உணவே போதுமானது.

நொதியை உண்மையில் முடுக்குவது குருதியோட்டம் குழாய்ச் சுவரில் ஏற்படுத்தும் உராய்வு. அசையாமல் சில மணிநேரம் அமர்ந்திருந்தாலே காலின் தமனி விரியும் திறன் குறைகிறது. குழித்தறியில் மிதிகளை மாறிமாறி அழுத்தும் நெசவாளரின் கெண்டைக்கால் தசைகள் ஓய்ந்திருப்பதில்லை. புதிய பாவின் இழைகளைப் பழைய பாவோடு ஒவ்வொன்றாக முடிச்சிட்டு இணைப்பவரோ கால் அசையாது நெடுநேரம் அமர்ந்திருக்கிறார். எனவே நெசவுத் தொழிலாளரின் குருதிக்குழாய் நலத்தை அளவிட முனையும் ஆய்வாளர், இவ்விரு பணியினரையும் ஒரே குழுவாகக் கொள்ளலாகாது.