ஒப்புக்கொண்டு மறுக்கும் வாக்கியம்

ஒன்றைச் சொன்ன கையோடு அதற்கு மாறான இன்னொன்றையும் சொல்ல வேண்டி வரும்போது ஆங்கிலம் முதலில் எடுப்பது 'பட்' என்னும் சிறு சொல்லைத்தான். பழைய ஆங்கிலத்தில் 'வெளியே' என்றும் 'தவிர' என்றும் பொருள்பட்ட இச்சொல்லின் முதற்பொருள், ஸ்காட்லாந்தில் இரண்டே அறைகள் கொண்ட குடிசையை 'பட் அண்டு பென்', அதாவது வெளியறையும் உள்ளறையும், என்று அழைக்கும் வழக்கில் இன்னும் தங்கியிருக்கிறது. இடத்தால் வெளியே இருப்பதைக் குறித்த சொல், எதிர்பார்ப்புக்கு வெளியே நிற்பதைக் குறிக்கும் இணைப்புச் சொல்லாக மெல்ல மாறியது.

எதிர்பார்ப்பு என்பதே இங்கு முக்கியம். 'அவர் ஏழை, நேர்மையானவர்' என்பதும் 'அவர் ஏழை, ஆனால் நேர்மையானவர்' என்பதும் தருக்க அளவில் ஒரே உண்மையைத்தான் கூறுகின்றன. இரண்டாவது வாக்கியம் மட்டும், ஏழைகளிடம் நேர்மையை எதிர்பார்க்க முடியாது என்னும் கொடிய அனுமானம் ஒன்றைச் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. இச்சொல் உண்மையை மாற்றுவதில்லை, அடுத்து வருவது எதிர்பாராதது என்று குறிப்பு மட்டுமே காட்டுகிறது என்பதை ஜெர்மானியத் தருக்கவியலாளர் கோட்லோப் ஃபிரேகே 1879-இல் வெளியிட்ட நூலிலேயே எடுத்துக்காட்டினார். மொழியியலாளர் ராபின் லேக்காஃப் 1971-இல் எழுதிய கட்டுரையில், 'அண்ணன் நெட்டை, தம்பி குட்டை' என்பது போன்ற நேரெதிர் முரணையும், எதிர்பார்ப்பை மறுக்கும் முரணையும் வேறு வேறாகப் பிரித்தார். ஒன்றை விலக்கி மற்றொன்றை நாட்டுவதற்கு ஜெர்மன் மொழியும் ஸ்பானிய மொழியும் தனிச்சொல் வைத்திருக்க, தமிழோ 'அது பாம்பு அல்ல, கயிறு' என்று இணைப்புச் சொல்லே இல்லாமல் அந்த வேலையை முடித்துவிட, ஆங்கிலம் இவை அனைத்தையும் 'பட்' ஒன்றின் தலையிலேயே சுமத்தியிருக்கிறது.

எழுத்துக்கு வரும்போது இச்சொல்லுக்குத் துணையாக 'ஆல்தோ', 'தோ', 'வைல்', 'வேராஸ்', 'ஹவெவர்' என ஒரு கூட்டமே வந்து சேர்கிறது. இவற்றுள் 'ஆல்தோ'வும் 'தோ'வும், தனித்து நிற்க இயலாமல் முதன்மை வாக்கியத்தைச் சார்ந்து நிற்கும் துணை வாக்கியத்தைத் தொடங்கி வைப்பவை. தமிழில் 'பெய்தாலும்', 'இருந்தபோதிலும்' என்னும் வடிவங்கள் செய்வது இதே வேலைதான். தமிழ் உரைநடையில் அத்தகைய துணை வாக்கியம் பெரும்பாலும் முன்னேதான் வரும். ஆங்கிலத்திலோ அதை முன்னும் வைக்கலாம், பின்னும் வைக்கலாம். ஒரு மருந்து பக்கவிளைவு உடையது, ஆனாலும் பயன் தருகிறது என்பதைச் சொல்ல வந்தவர், பக்கவிளைவை முன்னே ஒப்புக்கொண்டு பயனில் முடித்தால் மருந்தைப் பரிந்துரைக்கிறார். பயனை முன்னே கூறி, பக்கவிளைவைத் துணை வாக்கியமாகப் பின்னே தொங்கவிட்டால் எச்சரிக்கையோடு முடிக்கிறார். செய்திகள் இரண்டும் மாறவில்லை, படிப்பவர் மனத்தில் எஞ்சுவது மாறிவிடுகிறது. ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்புகளில் இணைப்புச் சொற்களின் பட்டியலுக்குத் தரப்படும் இடத்தில் பாதியாவது இந்த வரிசை நுட்பத்துக்குத் தரப்பட்டால், மாணவர்களின் கட்டுரைகள் வேறு தரத்துக்கு உயரும்.

பேச்சில் நிலைமை முற்றிலும் வேறு. எலிசபெத் கூப்பர்-கூலன், சாண்ட்ரா தாம்சன் என்னும் இரு மொழியியலாளர்கள் ஆங்கில உரையாடல்களை ஆராய்ந்து 2000-இல் வெளியிட்ட கட்டுரையில், பேச்சில் முரண் என்பது பெரும்பாலும் இருவர் சேர்ந்து கட்டுவது என்று காட்டினர். ஒருவர் ஒரு கருத்தைச் சொல்கிறார். மற்றவர் முதலில் அதை 'ஆமாம்' என்று ஏற்றுக்கொள்கிறார். பிறகு 'பட்' என்று தொடங்கித் தம் மாற்றுக் கருத்தை வைக்கிறார். எழுத்தில் 'ஆல்தோ'வோடு தொடங்கும் வாக்கியம், மூன்று படிகள் கொண்ட இந்த உரையாடலை ஒருவரே நடத்துவதன் சுருக்கம் எனலாம். எதிரில் ஆளில்லாத எழுத்தாளர், எழக்கூடிய மறுப்பைத் தாமே முன்கூட்டி எழுப்பி, தாமே ஒப்புக்கொண்டு, பிறகே தம் கருத்தை நிறுவுகிறார். நல்ல கட்டுரையாளரிடம் படிப்பவர் உணரும் நேர்மை பெரிதும் இங்கிருந்தே பிறக்கிறது.

மொழியியலாளர் டக்ளஸ் பைபரும் அவருடைய குழுவினரும் ஏறத்தாழ 4 கோடிச் சொற்கள் கொண்ட மொழித் தரவகத்தை, அதாவது உண்மையான பேச்சையும் எழுத்தையும் திரட்டிய தொகுப்பை, அடிப்படையாகக் கொண்டு 1999-இல் வெளியிட்ட பெரிய இலக்கண நூலும் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. 'ஹவெவர்' ஆய்வுரைகளுக்கு உரிய சொல்லாக நிற்க, உரையாடலிலோ வாக்கியத்தின் கடைசியில் வந்து அமரும் 'தோ' கேட்கிறது. 'உணவு நன்றாக இருந்தது. விலைதான் அதிகம்' என்று தமிழர் சொல்லுமிடத்தில், ஆங்கிலேயர் விலையைக் கூறி முடித்த பிறகு 'தோ'வைச் சேர்க்கிறார். முடித்துவிட்ட பேச்சுக்குப் பின்னோக்கி ஒரு திருத்தம் போடும் இந்த உத்தி, அடித்து எழுத வழியில்லாத பேச்சுக்கு மிகப் பொருத்தமானது.

சொல்லே இல்லாமலும் முரண் கேட்கும். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் குரல் முதலில் இறங்கி, பிறகு சற்றே ஏறி நிற்கும் தொனியில் ஒருவரை நல்லவர் என்று சொன்னால், சொல்லப்படாத ஓர் 'ஆனால்' பின்னால் காத்திருப்பதைக் கேட்பவர் உணர்ந்துகொள்வார். 'வீடு நல்ல வீடுதான்' என்று இழுக்கும்போது தமிழில் 'தான்' செய்யும் வேலையை அங்கே குரலின் வளைவே செய்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவிலும் ஸ்காட்லாந்திலும் 'பட்' என்னும் சொல்லே வாக்கியத்தின் இறுதிக்கு நகர்ந்து, 'தோ'வைப் போலப் பேச்சை முடித்துவைக்கும் சொல்லாகவும் வழங்குகிறது.

தமிழ் மாணவர்கள் 'ஆல்தோ' என்று தொடங்கி, நடுவில் 'பட்' என்றும் எழுதிவிடும் பிழைக்கு ஆசிரியர்கள் சிவப்பு மையில் கோடிடுகிறார்களே தவிர, காரணம் சொல்வது அரிது. தமிழில் 'மழை பெய்தாலும்' என்னும்போது முரணின் அடையாளம் முதற்பகுதியின் இறுதியில், பேச்சு திரும்பும் இடத்திலேயே இருக்கிறது. ஆங்கிலத்திலோ அது வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடுவதால், திருப்பத்தில் காற்புள்ளி மட்டுமே எஞ்சுகிறது. அந்த வெற்றிடத்தைத் தமிழ்ப் பழக்கம் 'பட்' கொண்டு நிரப்பிவிடுகிறது எனக் கருத இடமுண்டு. இரு பகுதிகளிலும் முரண்சொல் இடும் வழக்கமுள்ள சீன மொழியினரிடமும் இதே பிழை காணப்படுகிறது. இரண்டு சமமான வாக்கியங்களை இணைக்கும் 'பட்', ஏற்கெனவே ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் பகுதிகளுக்கு நடுவே நுழைய முடியாது என்பதே விதி. ஆயினும் திருப்பத்தில் ஒரு சொல் வேண்டும் என்னும் ஏக்கம் ஆங்கிலத்துக்கே அந்நியமானதன்று: 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலிய மொழிபெயர்ப்பில் 'தோ' என்று தொடங்கும் பகுதிக்குப் பின், திருப்பத்தில் 'யெட்' என்னும் சொல் வருவது இயல்பான நடை. 'யெட்' இணைப்புச் சொல்லாக மட்டுமின்றி, 'அப்படியிருந்தும்' என்னும் பொருளில் வினையடையாகவும் நிற்க வல்லது என்பதால், 'பட்' நுழைய முடியாத அந்த இடம் அதற்குத் திறந்திருந்தது.