கடலுக்குப் போகும் பற்றரி: விலையைக் கேட்குமுன் வேலையைக் கேளுங்கள்

எமது கடை சண்டிலிப்பாயில், மானிப்பாயிலிருந்து சங்கானைக்குப் போகும் வீதியோரம் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகம், எஞ்சின் ஒயில், பற்றரி என்று கலந்த வியாபாரம். கடையில் நின்றால் கடல் தெரியாது. ஆனால் பண்டத்தரிப்பைத் தாண்டினால் மாதகல் வந்துவிடும். அங்கிருந்து வரும் கடற்றொழிலாளர்கள் எமது கடையின் முக்கியமான வாடிக்கையாளர்கள்.

நான் பற்றரி வியாபாரம் பழகியது இங்கல்ல. 1990 ஒக்டோபரில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது எனக்கு இருபது வயதுதான். புத்தளத்தில் ஒரு கடையில் வேலைக்கு நின்று, கல்பிட்டிப் படகுகளுக்குச் சாமான் கொடுத்துத்தான் இதைக் கற்றுக்கொண்டேன். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு பற்றரி என்பதே தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். பற்றரியின் அருமை இவ்வூர் மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இருந்தும், படகுக்கு பற்றரி வாங்குவதிலும் விற்பதிலும் நம்மில் பலர் ஒரே தவறைச் செய்கிறோம். நானும் செய்தேன். அதைச் சொல்லிவிட்டே விடயத்துக்கு வருகிறேன்.

நான் விற்ற பற்றரி

யுத்தம் முடிந்து நான் இங்கே கடை திறந்த புதிது. மாதகலைச் சேர்ந்த ஒரு அண்ணை வந்தார். "நானா, 12 வோல்ட் பற்றரி ஒண்டு தாங்கோ. விலை குறைஞ்சதாப் பாத்துத் தாங்கோ" என்றார். நல்ல கம்பனியின் கார் பற்றரி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். புதுச் சாமான், வொரண்டிக் கார்ட்டும் உண்டு. எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அவருக்கு அது தேவைப்பட்டது எஞ்சினை ஸ்டார்ட் செய்ய அல்ல. அவருடைய ஃபைபர் படகின் அவுட்போட் எஞ்சின் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. இரவு முழுக்க லைட் எரியவும், ஜிபிஎஸ் கருவி வேலை செய்யவும்தான் பற்றரி. ஐந்து மாதத்தில் ஒருநாள் நடுக்கடலில் லைட் மங்கி அணைந்தது. ஜிபிஎஸ்ஸும் நின்றது. மழை முகில் மூடிய இரவு, நட்சத்திரமும் இல்லை. 1974 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் வரையப்பட்ட எல்லைக்கோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது. எஞ்சின் ஓடும், ஆனால் எந்தத் திசைக்கு ஓட்டுவது? வெளிச்சம் இல்லாத சிறு படகை இழுவைப் படகுக்காரர் காணமாட்டார். அவரும் மருமகனும் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு டோர்ச் லைட்டைக் கையில் பிடித்தபடி விடியும்வரை இருந்தார்கள். காலையில் வேறொரு படகு கண்டு கூட்டி வந்தது.

பற்றரியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். நான் ஏஜென்ஸிக்கு அனுப்பினேன். வாகனத்துக்குக் கொடுத்த வொரண்டி படகுக்குச் செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கார்ட்டில் சிறு எழுத்தில் அது இருந்தது. நான் படிக்கவில்லை.

அண்ணை சண்டை பிடிக்கவில்லை. "நானா, சாமான் பிழையில்லை. நீங்களும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை" என்றார். அந்தச் சொல் இன்றும் என் காதில் இருக்கிறது.

இரண்டு வேலை, இரண்டு பற்றரி

வெளித்தோற்றத்தில் எல்லா 12 வோல்ட் பற்றரியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே ஈயத்தட்டுகளில்தான் வித்தியாசம்.

ஸ்டார்ட் பற்றரியில் தட்டுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் கூடியவை. சில விநாடிக்கு நூற்றுக்கணக்கான அம்பியர் மின்சாரத்தைத் தள்ளும். எஞ்சின் பிடித்தவுடன் ஓல்டனேற்றர் திரும்ப சார்ஜ் செய்துவிடும். கார், லொறி பற்றரிகள் இந்த வகை. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஓடும் பயணிகள் படகுகள் போன்ற, டீசல் எஞ்சின் பூட்டிய பெரிய படகுகளுக்கு ஸ்டார்ட் செய்ய இதுதான் வேண்டும்.

மற்றது ஆழமாக இறக்கிப் பாவிக்கும் பற்றரி. டீப் சைக்கிள் என்று கேட்டால் கடைக்காரருக்குத் தெரியும். இதன் தட்டுகள் தடித்தவை. குறைந்த மின்சாரத்தைப் பல மணிநேரம் கொடுக்கும். பாதியளவு இறக்கி ஏற்றினால் பல நூறு தடவை தாங்கும். கார் பற்றரியை இப்படி அடியொட்ட இறக்கினால் சில பத்துத் தடவையில் அதன் ஆயுள் முடிந்துவிடும். மாதகல் அண்ணைக்கு நடந்தது இதுதான்.

ஸ்டார்ட்டும் வேண்டும், இரவு முழுக்க லைட்டும் வேண்டும் என்றால் இரண்டு பற்றரி வையுங்கள். நடுவில் ஒரு மாற்று சுவிட்ச் பூட்டுங்கள். லைட் எரித்து ஒன்று இறங்கினாலும் எஞ்சின் ஸ்டார்ட் செய்ய மற்றது நிறைவாக இருக்கும்.

வீட்டு சோலாருக்கும் இன்வேர்ட்டருக்கும் விற்கும் உயரமான டியூபுலர் பற்றரியைச் சிலர் படகில் வைக்கிறார்கள். ஆழமாக இறக்கிப் பாவிக்க அது நல்லதுதான். ஆனால் அது அசையாமல் ஓரிடத்தில் இருப்பதற்குச் செய்தது. சிறு படகு அலையில் அடித்துப் பாயும்போது அசிட் தளும்பி வெளியே வரும். அசிட் தளும்பாத ஏஜிஎம் என்ற சீல் வகை அதிர்ச்சியையும் தாங்கும். விலை கூட. சிறு படகுக்கு நான் இப்போது சொல்வது அதைத்தான்.

கணக்குப் பார்த்து வாங்குங்கள்

எத்தனை அம்பியர் மணி வேண்டும் என்பதற்கு வாய்ப்பாடு தெரிந்தால் போதும். 12 வோட் எல்இடி லைட் இரண்டு என்றால் 24 வோட். அதை 12 வோல்ட்டால் பிரித்தால் 2 அம்பியர். ஜிபிஎஸ்ஸுக்கு அரை அம்பியர், ரேடியோ கேட்டுக்கொண்டிருக்க அரை அம்பியர் என்று வையுங்கள். மொத்தம் 3 அம்பியர். பத்து மணிநேரத் தொழிலுக்கு 30 அம்பியர் மணி.

இனி 30 அம்பியர் மணி பற்றரி வாங்கினால் அது தினமும் அடிவரை இறங்கும். ஈய பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது. ஆகவே 60. பற்றரி பழசாகும்போது கொள்ளளவு குறையும், அதற்கும் சேர்த்து 75 அல்லது 100 வாங்குவதே புத்தி. பற்றரியில் எழுதியிருக்கும் அம்பியர் மணி பொதுவாக 20 மணிநேரத்தில் மெதுவாக இறக்கும் கணக்கு. வேகமாக இறக்கினால் அவ்வளவு கிடைக்காது.

ஸ்டார்ட் பற்றரிகளில் சிசிஏ என்று பெரிய எழுத்தில் ஒரு எண் போட்டிருப்பார்கள். அது பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை குளிரில் அளந்த ஸ்டார்ட் வலு. நமது வெயிலுக்கு அதைக் கூட்டி வாங்கி எஞ்சினுக்கு ஆகப்போவது அதிகமில்லை. எஞ்சின் புத்தகம் கேட்கும் அளவு இருந்தால் போதும்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

முதலாவது, செய்த திகதி. பற்றரி கடையில் சும்மா இருந்தாலும் தானாக இறங்கும். இறங்கிய நிலையில் கிடந்தால் தட்டில் வெள்ளைப் பூச்சுப் படிந்து கொள்ளளவு குறையும். ஆறு மாதத்துக்கு மேல் ராக்கையில் இருந்தது என்றால், இடையில் சார்ஜ் செய்தார்களா என்று கேளுங்கள்.

இரண்டாவது, மல்டிமீற்றர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். சார்ஜ் செய்து சில மணிநேரம் ஆறவிட்ட ஈய பற்றரி 12.6 முதல் 12.7 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி இறங்கியது. 12.4 க்குக் கீழே காட்டும் புதுப் பற்றரியைக் காசு கொடுத்து எடுக்காதீர்கள். இறக்குமதி இறுகி விலை ஏறிய 2022 ஆம் ஆண்டில், பழைய பெட்டிக்குப் பெயின்ட் அடித்து, புது ஸ்டிக்கர் ஒட்டிய பற்றரிகளை எமது கடைக்கும் கொண்டுவந்து காட்டினார்கள். வோல்ட் சரியாகக் காட்டும், லோட் போட்டால் விழுந்துவிடும். ஆகவே லோட் ரெஸ்டரில் போட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகும் பற்றரி பலவீனமானது.

மூன்றாவது, நிறை. 100 அம்பியர் மணி ஈய பற்றரி 25 முதல் 30 கிலோ வரும். ஒரே அளவுள்ள இரண்டில் ஒன்று வெகு இலேசாக இருந்தால் ஈயம் குறைவு என்று பொருள்.

நான்காவது, டேர்மினல் இருக்கும் பக்கம். பற்றரி இலக்கத்தின் கடைசியில் வரும் எல், ஆர் என்ற எழுத்து அதைத்தான் சொல்கிறது. மாறி வாங்கினால் வயர் எட்டாது. இழுத்துப் பூட்டப்போய் நேர்மறையையும் எதிர்மறையையும் மாற்றிக் கொடுத்து ஜிபிஎஸ்ஸை எரித்தவர்கள் உண்டு.

ஐந்தாவது, வொரண்டி. படகுக்குச் செல்லுமா என்று கேட்டு, திகதியும் கடை முத்திரையும் போட்டு வாங்குங்கள்.

உப்பும் வெயிலும் சார்ஜும்

பற்றரியைக் கொல்வது மூன்று. முதலாவது வெயில். 25 பாகைக்கு மேலே ஒவ்வொரு 10 பாகை சூடு கூடும்போதும் பற்றரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். ஆகவே நிழலில், காற்றுப் போகும் மூடிய பெட்டியில், பட்டி போட்டு இறுக்கி வையுங்கள்.

இரண்டாவது உப்பு நீர். டேர்மினலைப் பச்சையாக அரித்துவிடும். வெள்ளீயம் பூசிய செப்பு வயர் பாவித்து, பூட்டியபின் வஸ்லின் பூசுங்கள். கடல்நீர் பற்றரிக்குள் போனால் குளோரின் என்ற நச்சு வாயு உண்டாகும். அப்படியான பற்றரிக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோகக் கூடாது. நேர்மறை வயரில், பற்றரிக்குக் கிட்ட, ஒரு பியூஸ் போடுங்கள். ஃபைபர் படகில் வயர் பற்றினால் கடலில் ஓடித் தப்ப இடமில்லை.

மூன்றாவது பிழையான சார்ஜ். சில சிறிய அவுட்போட் எஞ்சின்களில் லைட்டுக்கென்று வரும் வயர் கொடுப்பது மாறுமின்சாரம். அதை நேரே பற்றரிக்குக் கொடுக்கக் கூடாது, ரெக்டிஃபயர் சேர்ந்த ரெகுலேற்றர் வேண்டும். கரையில் சார்ஜ் செய்யும்போது 14.4 வோல்ட் அளவில், கொள்ளளவின் பத்தில் ஒரு பங்கு அம்பியரில் ஏற்றுங்கள். 100 க்கு 10 அம்பியர். கடலால் வந்த அன்றே ஏற்ற வேண்டும், மறுநாளுக்கு வைக்கக் கூடாது. ஏறும்போது ஐதரசன் வாயு வரும். பூட்டிய அறையிலும் அடுப்படியிலும் வேண்டாம், பக்கத்தில் பீடி, சிகரெட்டும் வேண்டாம்.

மூடி திறக்கும் பற்றரிக்கு டிஸ்டில் வோட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும். நமது கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைத் தினமும் பார்க்கிறோம். அதுவே ஈயத்தட்டிலும் படியும். தண்ணீர் குறைந்ததற்கு அசிட் ஊற்றுவதும் பிழை.

லிதியம் வாங்கலாமா?

இப்போது இதைத்தான் இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள். லிதியம் இரும்புப் பொஸ்பேற் வகை நல்லது. 100 அம்பியர் மணி பற்றரி 10 முதல் 13 கிலோதான். முக்கால்வாசிக்கு மேல் இறக்கினாலும் இரண்டாயிரம் தடவை அளவில் தாங்கும். சில வருடக் கணக்கில் பார்த்தால் விலையும் கட்டும். ஆனால் அதற்கான சார்ஜர் வேண்டும், உள்ளே பாதுகாப்புச் சுற்று இருக்க வேண்டும், தண்ணீர் புகாத பெட்டி வேண்டும். முகவரி இல்லாத பெட்டியில், ஸ்டிக்கரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

பழைய பற்றரியை வீசாதீர்கள்

ஈயத்துக்கு விலை உண்டு. புதியது வாங்கும்போது பழையதைக் கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம். அசிட்டை நிலத்தில் ஊற்றிவிட்டு வெறும் பெட்டியைக் கொண்டுவருபவர்களிடம் நான் வாங்குவதில்லை. நமது மண்ணில் மேலே ஊற்றுவது கீழே கிணற்றுக்குத்தான் போகும்.

விற்கும் சகோதரர்களுக்கு

நான் அந்த அண்ணையை ஏமாற்றவில்லை. சாமானில் குறை இருக்கவில்லை, மறைக்கவும் இல்லை. நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் வைத்த வியாபாரியைப் பற்றிய செய்தியை நாம் எல்லோரும் அறிவோம். நான் அப்படிச் செய்யவில்லை என்று சில நாள் மனதைத் தேற்றிப் பார்த்தேன். தேறவில்லை. பற்றரியைப் பற்றித் தெரிந்தவன் நான். தெரியாதவர் வந்து கேட்கும்போது, "எதற்கு அண்ணை?" என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதும் ஒரு மறைப்புத்தான்.

அவருக்கு டீப் சைக்கிள் பற்றரி ஒன்றை, பழைய விலையைக் கழித்துக் கொடுத்தேன். எனக்கு அந்த வியாபாரத்தில் நட்டம். ஆனால் அதற்குப் பிறகு மாதகலிலிருந்து வந்தவர்களில் எத்தனையோ பேர், "அந்த அண்ணைதான் அனுப்பினவர்" என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

இன்று எமது கடையில் பற்றரி கேட்டு யார் வந்தாலும் விலை சொல்லுமுன் மூன்று கேள்வி கேட்கிறோம். எதற்கு? எத்தனை மணிநேரத்துக்கு? எதில் சார்ஜ் செய்கிறீர்கள்? வேலைக்கு நிற்கும் தம்பிமாருக்கும் இதைத்தான் பழக்கியிருக்கிறேன். வீதியில் காரின் பற்றரி நின்றால் நாலு பேர் தள்ளுவார்கள். கடலில் தள்ள ஆளில்லை.