தவழும் குழந்தையும் தறிவீடும்



குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசுவதாயின் பெற்றோரிடமன்றோ பேச வேண்டும், எங்களிடம் பேசுவானேன் என்று நீங்கள் எண்ணக்கூடும். காரணம் உண்டு. நான் வாழும் முள்ளிப்பட்டு ஆரணிக்கு அருகில் உள்ளது. பட்டு நெசவு எங்கள் பகுதியின் பிழைப்பு. தறி உள்ள வீட்டில் தந்தை தறியில் அமர்ந்திருப்பார். தாய் இராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருப்பாள். பாட்டிக்கு அடுப்பங்கரை வேலை. ஒன்றரை வயதுத் தம்பியோ தங்கையோ, பள்ளி விட்டு வந்த அக்காளின் இடுப்பில் ஏறிவிடும். கல்லூரிக்குச் செல்லும் அண்ணனும் இதற்கு விலக்கல்லன். எனவே இந்தச் செய்தி முதலில் உங்களுக்கே உரியது.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்றும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியப் பயிற்சியில் குழந்தை உளவியல் என்னும் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவன் நான். குழந்தை கையாலும் வாயாலுமே உலகை அறிகிறது என்று தேர்வுத் தாளில் அழகாக எழுதியவன். அப்படிப்பட்டவனுடைய வீட்டில், என் மகனுக்கு ஒன்றேகால் வயது நடந்தபோது, அடுப்பங்கரை மூலையில் ஒரு கலர்ப் புட்டியில் மண்ணெண்ணெய் இருந்தது. வைத்தவன் நான். விளக்குக்கு ஊற்றிய பின் மேலே எடுத்து வைக்கலாம் என்று நினைத்து மறந்தவனும் நான். முதல் நாள் திருவிழாவில் அதே போன்ற புட்டியில் கலர் வாங்கி அவன் வாயில் ஊட்டியவனும் நானே.

இருமல் சத்தம் கேட்டு ஓடினோம். அண்டை வீட்டார் உப்பு நீரைக் கலக்கிக்கொண்டு வந்து, வாந்தி எடுக்கச் செய்யுங்கள் என்றனர். எங்கள் தெருவில் இருந்த வயதான கம்பவுண்டர் ஒருவர் அந்தக் குவளையைத் தட்டிவிட்டார். அவர் செய்ததன் பொருளைப் பின்னர்தான் அறிந்தேன். மண்ணெண்ணெய் வயிற்றில் கிடந்து செய்யும் தீங்கைவிட, மேலே வரும்போது மூச்சுக்குழல் வழியே நுரையீரலில் இறங்கிச் செய்யும் தீங்கு பெரிது. வாந்தி எடுக்கச் செய்வது ஆபத்தை இரட்டிப்பாக்கும். இரண்டு இரவுகள் மருத்துவமனைக் கட்டிலருகே அமர்ந்து, அவன் விலா உள்வாங்கி உள்வாங்கி எழுவதை எண்ணிக்கொண்டிருந்தேன். பிழைத்தான். இன்று அவனுக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கும் இப்போது ஏறத்தாழ அதே வயது.

அந்த நாள்களில் வந்து பார்த்த உறவினர் பலரும் சொன்னது ஒன்றே: "பொல்லாத பிள்ளை, எதையும் விட்டு வைப்பதில்லை." எனக்கு அது பொருந்தவில்லை. புட்டியைக் கண்டு எடுத்து, மூடியைக் கழற்றி, முதல் நாள் கற்றதை நினைவிற் கொண்டு வாயில் வைத்துப் பார்த்த பிள்ளை தன் அறிவைப் பயன்படுத்தியிருந்தான். அறிவைப் பயன்படுத்தாதவன் தந்தை. புட்டியைக் கண்டும் கையை நீட்டாத ஒன்றரை வயதுக் குழந்தை இருந்தால், அதைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

நம் முன்னோர் இதை அறியாதவரல்லர். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்துப் பாடுவது அது. செங்கீரையில் தலையை நிமிர்த்தி ஆடும் பிள்ளை, வருகைப் பருவத்தில் தளர்நடை நடந்து வருகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் அதே பிள்ளை பின்னர்ச் சிறுமியர் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைக்கிறது. சிதைப்பதையும் ஒரு பருவமாக வைத்துக் கொண்டாடிய மொழி நம்முடையது. உறியையும் எண்ணிப் பாருங்கள். பூனைக்கும் பிள்ளைக்கும் எட்டாமலிருக்க வெண்ணெயை உயரே கட்டித் தொங்கவிட்டது பழைய வீடுகளின் பாதுகாப்பு முறை. கண்ணனோ உரலைக் கவிழ்த்துப் போட்டு ஏறினான் என்பது கதை. இக்கதையில் பக்தியோடு ஒரு பாடமும் உண்டு. இன்று எட்டாத உயரம், அடுத்த மாதம் எட்டும். முக்காலி ஒன்று அருகில் கிடந்தால் இன்றே எட்டும்.

அப்படியானால் வழி என்ன? "தொடாதே, போகாதே" என்று நாள் முழுதும் கூவுவதா? இரண்டு வயதுக் குழந்தைக்கு நம் சொல் புரியலாம். ஆனால் புரிந்ததை நினைவில் நிறுத்தித் தன் கையை அடக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இன்னும் முதிரவில்லை. ஓயாமல் கேட்கும் "தொடாதே" விரைவில் காற்றாடியின் ஒலிபோல் ஆகிவிடும். உண்மையான ஆபத்தின்போதும் காதில் ஏறாது. குழந்தையை மாற்ற முடியாத வயதில் வீட்டைத்தான் மாற்ற வேண்டும்.

இந்த உண்மையைக் கல்வி உலகுக்கு அழுத்தமாக உணர்த்தியவருள் ஒருவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் உரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதியில் அவர் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அது திறக்கப்பட்ட காரணம் சுவையானது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் அந்தக் குடியிருப்பில் தனித்து விடப்பட்ட பிள்ளைகள் சுவரையும் படிக்கட்டையும் பாழாக்கினர். அதைத் தடுக்கவே கட்டட உரிமையாளர் ஓர் ஏற்பாட்டை விரும்பினர். அம்மையார் பிள்ளைகளைக் கட்டிப் போடவில்லை. அவர்கள் கைக்கு எட்டும் தாழ்ந்த அலமாரி, அவர்களே தூக்கத்தக்க சிறு நாற்காலி என்று அறையை அவர்கள் அளவுக்கு அமைத்தார். அவர் 1939ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்ததும், உலகப் போரின் காரணமாக 1946 வரை இந்நாட்டிலேயே தங்க நேர்ந்ததும் நமக்குக் கிடைத்த பேறு. என்னைப் போன்ற ஆசிரியர் பலர் அவர் பெயரை எழுதித் தேர்வில் வென்றோம். வீட்டுக்கு வந்ததும் மறந்தோம்.

பேத்தி தவழத் தொடங்கிய வாரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, முழங்காலிலும் கைகளிலும் ஊன்றி, வீடு முழுவதும் தவழ்ந்தேன். அறுபதைக் கடந்த முழங்கால்கள் இதற்கு இணங்கவில்லை என்பது வேறு செய்தி. சன்னல் வழியே கண்ட பால்காரர் நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்துத் தாமும் தேட முன்வந்தார். நின்றுகொண்டு முப்பது ஆண்டு பார்த்த வீடு வேறு. தவழ்ந்து பார்த்த வீடு வேறு. கட்டிலுக்கு அடியில் என் இரத்த அழுத்த மாத்திரை ஒன்று கிடந்தது. மேசை விளிம்பிலிருந்து மின்கெண்டியின் கம்பி, பிடித்து இழுக்க அழைப்பதுபோல் தொங்கியது. மின் செருகு துளைகள் நேர் கண்ணெதிரே இருந்தன. தரைவிரிப்பின் ஓரத்தில் ஒரு கொண்டை ஊசி. எல்லாவற்றுக்கும் மேலாக, தறிக்கூடத்தின் வாயிலில் தலையை நீட்டியபோது, தறிக்குழி ஒரு கிணறுபோல் தோன்றியது.

நெசவு அறியாத மாணவர்க்காகச் சொல்கிறேன். குழித்தறியில் நெய்பவர் தரை மட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிபலகையை மிதிப்பார். ஆள் இருக்கும்வரை குழிக்கு ஆளே மூடி. உணவுக்கு எழுந்து சென்ற அரைமணி நேரத்தில் அது திறந்த பள்ளம். விழுந்தால் அடியில் மரப்பலகையும் கயிறும். தலை கீழாக விழும் குழந்தை தானாக எழ முடியாது. என் தம்பி இன்னும் அந்தத் தறியில் நெய்து வருகிறான். எங்கள் தந்தையும் அங்கேதான் நெய்தார். நாங்கள் இருவரும் அந்தக் குழியைச் சுற்றியே வளர்ந்தோம். ஒருவருக்கும் அதை மூட வேண்டும் என்று தோன்றவில்லை, ஒன்றும் நேரவில்லை என்பதால்!

நெசவூரின் வேறோர் ஆபத்து கொதிநீர். கச்சாப் பட்டில் இயற்கையான பிசின் உண்டு. சவர்க்காரமும் சோடாவும் இட்ட கொதிநீரில் அவித்து அதை நீக்கிய பிறகே சாயம் ஏற்றுவர். சாயத் தொட்டி இருக்கும் கொட்டகைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டுகூடச் செல்லாதீர்கள். வீட்டில் வடித்த கஞ்சியும் இறக்கி வைத்த குழம்பும் அதே வகையைச் சேர்ந்தவை. அவற்றைத் தரையில் வைக்கும் பழக்கம் நமக்குப் பெரிய பகை. குழந்தையின் தோல் மெல்லியது. நமக்குச் சுடும் நீர் அதற்குப் புண்ணாகும். சுட்டுவிட்டால் இருபது நிமிடம் குளிர்ந்த குழாய் நீரை விடுங்கள், பனிக்கட்டி வேண்டா. மை, பற்பசை, தோசை மாவு எதுவும் தடவாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அதனை நாம் ஆபத்தாகக் கருதுவதே இல்லை. ஆறு, குளம், கிணறு என்றால் அஞ்சுகிறோம். வாளியைக் கண்டு யார் அஞ்சுகிறார்? சிறு குழந்தையின் தலை உடலை நோக்கக் கனமானது. வாளிக்குள் எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால், கால்கள் மேலே இருக்க, தலையைத் தூக்க இயலாது. மூக்கும் வாயும் மூழ்கும் அளவு நீர், சில அங்குலமே, போதும். கூக்குரலும் எழாது, வாய் நீருக்குள் இருக்கும்போது கூவுவது எங்ஙனம்? உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, 2021ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என மதிப்பிடுகிறது. அவருள் நாலில் ஒருவருக்குச் சற்றே குறைவானோர் ஐந்து வயது நிரம்பாதவர். வங்காள தேசத்துச் சிற்றூர்களில் ஆராய்ந்தவர்கள், தாய்மார் வேலையில் மூழ்கியிருக்கும் காலை வேளையிலேயே இத்தகைய சாவுகள் மிகுந்திருக்கக் கண்டனர். அந்த நேரத்தில் ஊர்க் குழந்தைகளை ஓரிடத்தில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் காப்பகங்களை அமைத்தனர். சாவுகள் பெரிதும் குறைந்தன. நம் அங்கன்வாடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் செய்ய வேண்டுவது எளிது: பயன்படுத்திய வாளியைக் கவிழ்த்து வையுங்கள், அண்டாவையும் தொட்டியையும் இறுக மூடுங்கள், குளியலறைக் கதவைச் சாத்துங்கள். வீட்டுக்கு வெளியே கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறு இருந்தால் மூடும்படி வற்புறுத்துங்கள். மணப்பாறைக்கு அருகில் நடுக்காட்டுப்பட்டியில் 2019ஆம் ஆண்டு அக்டோபரில் இரண்டு வயதுக் குழந்தை அப்படி ஒரு குழியில் விழுந்தது. நான்காம் நாள் வரை போராடியும் உயிருடன் மீட்க இயலவில்லை.

எங்கள் மாவட்டத்தில் வேர்க்கடலை மிகுதியாக விளைகிறது. அறுவடைக் காலத்தில் திண்ணையெங்கும் கடலை. கடைவாய்ப் பல் முளைத்து மெல்லத் தெரியாத குழந்தை அதை வாயிலிட்டுச் சிரித்தாலோ அழுதாலோ ஓடினாலோ, கடலை மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும். ஐந்து வயது வரை முழுக் கடலை கொடாதீர்கள். அரைத்தோ பொடித்தோ கொடுங்கள். புளியங்கொட்டைக்கும் காசுக்கும் இதே விதி. இக்காலத்தில் இன்னொரு பொருள் வந்திருக்கிறது: பொம்மையிலும் தொலையியக்கியிலும் உள்ள பொத்தான் வடிவ மின்கலம். விழுங்கிய மின்கலம் உணவுக்குழலில் தங்கினால், அதன் மின்னோட்டம் அங்குள்ள ஈரத்தில் காரப்பொருளை உண்டாக்கி, இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே சதையை அரிக்கத் தொடங்கும். வாழைப்பழம் கொடுத்துவிட்டு மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருத்தல் கூடாது.

மண்ணெண்ணெய் இன்று பல வீடுகளில் இல்லை. அதன் இடத்தைக் கழிவறை கழுவும் அமிலமும் கொசுவிரட்டித் திரவமும் பிடித்துக்கொண்டன. கருவுற்ற தாய்மார்க்கு வழங்கும் இரும்புச்சத்து மாத்திரை மிட்டாய்போல் மின்னுகிறது. குழந்தை பலவற்றை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கனடா நாட்டின் விண்ட்சர் நகரில் ஹென்றி புரோ என்னும் குழந்தை மருத்துவர், மருந்தை விழுங்கிய குழந்தைகள் ஓயாது வருவதைக் கண்டு சலித்தார். பெற்றோர்க்கு அறிவுரை சொன்னது போதவில்லை. 1967இல், அழுத்திக்கொண்டே திருப்பினால்தான் திறக்கும் மூடி ஒன்றை உருவாகச் செய்தார். அறிவுரையைவிட மூடி நன்கு வேலை செய்தது. இத்தகைய மூடியிருந்தாலும் மருந்தைப் பூட்டியே வையுங்கள். உண்ணும் பொருள் வந்த புட்டியில் உண்ணாத பொருளை ஒருபோதும் ஊற்றாதீர்கள். இதனை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு நிறைவு வராது. நஞ்சு உள்ளே சென்றுவிட்டால், புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள், 108ஐ அழையுங்கள்.

உட்கார வைத்து உருளும் நடைவண்டி ஒன்று இப்போது கடைகளில் விற்கிறது. குழந்தையை அது படிக்கட்டுக்கும் அடுப்புக்கும் விரைந்து கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கனடாவில் 2004ஆம் ஆண்டு அதன் விற்பனையையே தடை செய்தனர். தச்சர் செய்து தரும் பழைய மர நடைவண்டி வேறு. நிற்கத் தெரிந்த பிள்ளைதான் பின்னால் நின்று அதைத் தள்ள முடியும். எனக்கு அதுவே பிடிக்கிறது. மின் செருகு துளைகளைத் தச்சரும் மின்பணியாளரும் ஒரு பகலில் சரிசெய்தனர். அதைப் பற்றி மிகுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒளித்து வைப்பது பாதி வேலை. எடுத்துக்கொள்ளக் கொடுப்பது மறுபாதி. அடுப்பங்கரையின் கீழ்த்தட்டு ஒன்றை ஒழித்துப் பேத்திக்கே விட்டுவிட்டோம். உழக்கு, மரக்கரண்டி, மூடியுள்ள சிறு கிண்ணங்கள், துணி உருண்டை. காலையில் எழுந்ததும் அவள் அங்கேதான் போகிறாள். யாரும் அவளைத் தடுப்பதில்லை.

தறிக்குழியைப் பற்றித் தம்பியிடம் சொன்னேன். "அண்ணா, நாம் விழுந்தோமா?" என்று கேட்டான். நான் விடை சொல்லவில்லை. அவனையும் ஒருமுறை தவழ்ந்து பார்க்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே குனிந்தவன் வாயிலருகே சிறிது நேரம் அப்படியே இருந்தான். மறுநாள் காலையில் குழியின்மேல் பலகை கிடந்தது. தறியை விட்டு எழும்போது தள்ளி மூடவும், அமரும்போது ஒதுக்கவும் ஏற்றதாக, இருபுறமும் சட்டம் வைத்து அடித்திருந்தான். என்ன செலவாயிற்று என்று கேட்டேன். கொல்லையில் கிடந்த பழைய கதவாம். ஆணிக்கு மட்டுமே காசு.