மலையேறப் போறீங்களா? முதல்ல மொட்டை மாடியில படுத்துப் பாருங்க!

“இன்னா சார் பேசுறீங்க... பொறந்ததிலேருந்து தரையில படுத்த ஒடம்பு இது. எனக்கு எதுக்கு சார் மெத்தையும் கித்தையும்?”

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் நண்பர் இப்படித்தான் சிரித்தார். வயது 52. கன்டெய்னர் யார்டில் வேலை. இருபத்தைந்து வருஷமாக இரும்போடு மல்லுக்கட்டியதில், இடுப்புப் பிடிப்பு அவர் வீட்டு நிரந்தர விருந்தாளி!

கல்லூரியில் படிக்கும் அவர் மகளுக்கு அகத்தியர்கூடம் ஏற வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. 1868 மீட்டர் உயர மலை. கேரள வனத்துறை அனுமதி வாங்கி, திருவனந்தபுரம் மாவட்டம் போனக்காட்டிலிருந்து நடக்க வேண்டும். முதல் நாளே சுமார் 15 கிலோமீட்டர் காட்டுப்பாதை. அதிருமலை முகாமில் ராத்தங்கல், மறுநாள் உச்சி, மறுபடி முகாமில் ஒரு ராத்திரி. பெண்களை அங்கே விடுவதில்லை என்றிருந்தது. 2018-ல் கேரள உயர் நீதிமன்றம் தடையை நீக்க, 2019 ஜனவரியில் பெண்களும் ஏறத் தொடங்கினார்கள். அப்போதிலிருந்தே மகள் நச்சரிப்பு. “தனியா எல்லாம் அனுப்ப மாட்டேன். வேணும்னா நானும் வரேன்” என்று அப்பாவும் கிளம்பிவிட்டார்.

நல்ல வேளையாக, அதற்கு முன்னால் ஒரு ஒத்திகை பார்த்தார்கள். டிசம்பரில் ஏலகிரியில் ஒரு தங்குமிடத்தில் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி. கீழே பிளாஸ்டிக் பாய், மேலே ஆளுக்கொரு கம்பளி. ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவுக்கு விழிப்பு வந்தது. போர்த்தியிருந்த பக்கம் கதகதப்பு. முதுகுப் பக்கம் ஜில்லென்று ஐஸ்! விடிந்தபோது இடுப்பு பூட்டு போட்ட மாதிரி பிடித்துக்கொண்டது. மகளும் பக்கத்துக் கூடாரத்துப் பையனும் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள்.

“நைனா, நீ வரலைன்னா நானும் போகல. அனுமதி ரத்தானா ஆகட்டும்.” வீடு திரும்பியதும் மகள் சொல்லிவிட்டாள். அவள் அம்மாவோ, “இந்த வயசுல இது தேவையா?” என்று ஆரம்பித்துவிட்டார்.

இந்தக் கட்டத்தில்தான் நண்பர் என்னிடம் வந்தார். முதல் வேலையாக டாக்டரிடம் போகச் சொன்னேன். இடுப்பு வலியோடு கால் மரத்துப்போவது, காலில் பலம் குறைவது, சிறுநீர் போவதில் சிரமம் இதில் எது இருந்தாலும் மேட் தேடிக் கடைக்குப் போகக் கூடாது. மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். நண்பருக்கு அப்படி எதுவும் இல்லை. தசைப்பிடிப்புதான், நடந்து பழகிவிட்டுப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்படியானால் ஏலகிரியில் என்ன தப்பு நடந்தது?

அதற்குக் காசிமேடு வரைக்கும் போனால் போதும். மீன்பிடித் துறைமுகத்தில் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு மீன் அடுக்குகிறார்களே, பார்த்திருப்பீர்கள். அவ்வளவு வெயிலில் ஐஸ் ஏன் சீக்கிரம் உருகுவதில்லை? தெர்மோகோல் முழுக்கக் குட்டிக் குட்டி குமிழ்கள். அதற்குள் அடைபட்ட காற்று அசையாது. அசையாத காற்று வெப்பத்தைச் சுலபத்தில் கடத்தாது. வெளிச்சூடு உள்ளே போகாமல் தடுக்கிற அதே சுவர், உங்கள் உடம்புச் சூடு மண்ணுக்குள் போகாமலும் தடுக்கும்!

கம்பளி கதகதப்பாக இருப்பதும் அதில் சிக்கிய காற்றால்தான். ஆனால் கம்பளியை மடித்துக் கீழே போட்டுப் படுத்தால், உடம்பு எடையில் நசுங்கிக் காற்றெல்லாம் ஓடிவிடும். விலையுயர்ந்த ஸ்லீப்பிங் பேக் வாங்கினாலும் அதன் அடிப்பக்கத்துக்கு இதே கதிதான். மேலே எத்தனை போர்த்தினாலும், கீழே தடுப்பு இல்லை என்றால் தரை உங்கள் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குளிரில் தசை இறுகும். ஏற்கெனவே பிடிப்பு உள்ள இடுப்பு என்றால் கேட்கவே வேண்டாம்.

“எங்க வீட்டுத் தரையில ஒண்ணும் ஆகலையே?” நண்பர் விடவில்லை. நம்ம ஊரில் ஜனவரி ராத்திரிகூடப் பெரும்பாலும் இருபது டிகிரிக்குக் கொஞ்சம் முன்பின்தான். மலையில் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சுமார் 6 டிகிரி குறையும். காற்றும் சேர்ந்துகொண்டால் அது வேற கதை. வருஷத்தில் பாதி நாள் திருவொற்றியூரில் தரை ஜில்லென்று இருப்பது சுகம். மலையில் அதுவே எதிரி!

இன்னொரு சமாசாரம். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைக் கவனியுங்கள். லாரி நிழலில் படுத்துத் தூங்குகிற டிரைவர் கீழே என்ன போட்டிருக்கிறார்? அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்திருப்பார். அட்டையின் நெளிவுக்குள் காற்று. யாரும் சொல்லிக்கொடுத்து வந்த பழக்கமில்லை, ஆனால் விஞ்ஞானம் சுத்தமாகச் சரி.

பிளாஸ்டிக் பாயில் இந்த வேலை நடக்காது; அதில் காற்று தங்க இடமே இல்லை. கோரைப்பாய் பரவாயில்லை. கோரைத் தண்டுக்குள் பஞ்சு மாதிரி இருப்பதால் கொஞ்சம் தாங்கும், வியர்வையும் ஒட்டாது. வீட்டுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மலைக்குளிருக்கு அதன் கனம் போதாது. சுருட்டினால் ஒரு ஆள் உயரத்துக்கு நிற்கும் என்பது வேறு!

சரி, கடைக்குப் போவோம். நேரு ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள விளையாட்டுச் சாமான் கடைகளிலும், பெரிய ஸ்போர்ட்ஸ் ஷோரூம்களிலும் கேட்டால் மூன்று ரகம் காட்டுவார்கள்.

முதலாவது ஃபோம் மேட். ஹவாய் செருப்பின் அடிப்பாகம் மாதிரி, ஒவ்வொரு குமிழும் தனித்தனியாக மூடிய ஃபோம். ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் கனம், அரைக் கிலோவுக்குள் எடை. முள் குத்தினாலும் கவலையில்லை, நனைந்தாலும் துடைத்தால் போதும். சில நூறு ரூபாயிலேயே கிடைக்கும். மெத்தைக்குப் போடுகிற சாதா ஸ்பாஞ்சை வாங்கி ஏமாறாதீர்கள். ஒரு துண்டைத் தண்ணீரில் முக்கிப் பிழியுங்கள். தண்ணீர் கொட்டினால் அது ஸ்பாஞ்ச். படுத்தால் அப்பளமாகிவிடும், மழையில் குடித்த தண்ணீரை விடாது. யோகா மேட்? குளிரைக் கொஞ்சம் தடுக்கும். ஆனால் வழுக்காமல் இருக்கச் செய்த பொருள் அது. பல மேட்கள் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும்.

இரண்டாவது காற்று மெத்தை. ஊதினால் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் வரை உயரும். சுருட்டினால் தண்ணீர் பாட்டில் அளவு. இடுப்புக்குச் சொர்க்கம்! ஆனால் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உள்ளே வெறும் காற்று மட்டும் இருந்தால், அது மேலும் கீழும் சுற்றிச் சுற்றி உங்கள் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்விடும். பஞ்சு அடைப்போ மினுங்கும் படலமோ உள்ளே இருந்தால்தான் குளிர் தாங்கும். ‘தடியா இருக்கு, கதகதப்பா இருக்கும்’ என்று நம்பி நீச்சல் குளத்து மெத்தையை மலைக்குக் கொண்டுபோய் நடுங்கியவர்கள் உண்டு.

மூன்றாவது, திறந்த ஃபோமும் காற்றும் கலந்த ரகம். மூடியைத் திறந்தால் தானே காற்றை இழுத்து உப்பிக்கொள்ளும். அமெரிக்காவின் சியாட்டிலில், போயிங் விமானக் கம்பெனியில் வேலை இழந்த என்ஜினியர்கள் 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கியது இது. சுகத்துக்குச் சுகம், கதகதப்புக்குக் கதகதப்பு. எடைதான் கூடுதல், பல மேட்கள் முக்கால் கிலோவைத் தாண்டும்.

நல்ல மேட்களில் ‘ஆர் வேல்யூ’ என்று ஒரு எண் போட்டிருக்கும். குளிரைத் தடுக்கும் சக்திக்கான அளவு அது. முன்பெல்லாம் ஆளாளுக்கு ஒரு கணக்கு. 2020 வாக்கில் முக்கியத் தயாரிப்பாளர்கள் ஒரே சோதனை முறைக்கு வந்ததால் இப்போது ஒப்பிட்டு வாங்க முடிகிறது. நம்ம தென்னாட்டு மலைகளுக்கு 2 இருந்தால் பெரும்பாலும் போதும். ஊட்டி, கொடைக்கானல் டிசம்பர் குளிரில் வெளியே படுப்பதென்றால் 3 நல்லது. 5, 6 எல்லாம் இமயமலைப் பனிக்கு. இரண்டு மேட்டை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் இரண்டு எண்ணும் கூடும் என்பது ஒரு வசதி.

குளிர் போச்சு. வலி?

அது நீங்கள் எப்படிப் படுப்பவர் என்பதைப் பொறுத்தது. மல்லாந்து படுத்தால் எடை முதுகு முழுக்கப் பரவும். மெல்லிய ஃபோமே தாங்கும். முழங்காலுக்கு அடியில் துணிமூட்டை ஒன்றை வைத்தால் இடுப்புக்கு இதம். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குத்தான் சிக்கல். மொத்த எடையும் தோளிலும் இடுப்பு எலும்பிலும் வந்து நிற்கும். அவர்களுக்கு ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத மேட் வேண்டும். இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு சட்டையை மடித்து வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள், பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் குதிகாலைக் கவனிக்க வேண்டும். மேட் குட்டையாக இருந்து குதிகால் கல்லில் அழுந்தினால் வலி தெரியாமலே புண்ணாகலாம். காலையில் எழுந்ததும் பாதத்தைப் பார்த்துவிடுங்கள்.

“முதுகு வலியா? வெறும் பலகையில படு” என்று தாத்தா காலத்திலிருந்து சொல்வார்களே, அது முழுசாகச் சரியில்லை. ஸ்பெயினில் நாட்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரிடம் மெத்தைகளைக் கொடுத்து 90 நாள் கவனித்தார்கள். 2003-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவு வந்தது. கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்திருந்தது. அது கட்டில் மெத்தை விஷயம்தான். காட்டு மேட்டை வைத்துச் செய்ததல்ல. ஆனாலும் ‘கல்லு மாதிரி இருந்தாத்தான் முதுகுக்கு நல்லது’ என்ற நண்பரின் வாதத்துக்கு அது போதுமான பதில்.

காற்று மெத்தையைக் கல் மாதிரி ஊதுவதும் இதே தப்புதான். லாரி டயரில் காற்று அதிகமானால் வண்டி தூக்கிப் போடுமே, அதே கதை. முழுக்க ஊதி, அதன் மேல் ஒருக்களித்துப் படுத்து, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காற்றை விடுங்கள். இடுப்பு லேசாக உள்ளே அமிழ வேண்டும். தரையைத் தொடக் கூடாது. ராத்திரிக் குளிரில் காற்று சுருங்கி மெத்தை தளர்வது சகஜம், ஓட்டை என்று பயப்பட வேண்டாம். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை பிடிக்கலாம். பி.பி., ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் மூச்சைப் பிடித்து ஊதவே வேண்டாம். பம்ப் பை வாங்கிக்கொள்ளுங்கள்.

நண்பர் வீட்டில் பரீட்சை மொட்டை மாடியில் நடந்தது. முதல் ராத்திரி ஃபோம் மேட் மட்டும். மகள் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள்; ஒருக்களித்தே படுத்துப் பழகிய அப்பாவுக்கு இடுப்பில் சிவந்த தடம். மறுநாள் ராத்திரி கடைக்காரர் சொன்ன காற்று மெத்தை. “பரங்கிக்காய் மேல படுத்த மாதிரி உருளுது சார்!” என்றார் மறுநாள் போனில். கொஞ்சம் காற்றை விட்டுப் படுக்கச் சொன்னேன். மூன்றாம் ராத்திரி, அடியில் ஃபோம், மேலே காற்று மெத்தை. விடியற்காலை மீன் கூடைக்காரம்மா குரல் கேட்டும் எழுந்திருக்கவில்லையாம்.

இதில் அதிர்ஷ்டம் பாதி. விரித்த மெத்தையை வெயில் ஏறும்வரை மாடியிலேயே விட்டுவிட்டார். சூட்டில் காற்று விரிந்து, ஓரத்தில் ஊசி முனையளவு கசிவு. தெருமுனை பஞ்சர் கடைக்காரர் வழக்கம்போலத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழ் பார்த்துக் கண்டுபிடித்தார். மெத்தையோடு வந்த ஒட்டுத்துண்டு ஒட்டிச் சரியானது. அன்றிலிருந்து மலைப் பைக்குள் ஒட்டுத்துண்டுக்கு ஒரு தனி இடம்!

ஜனவரி கடைசியில் அப்பாவும் மகளும் போனக்காட்டிலிருந்து நடந்தார்கள். முதல் நாள் நடைக்குப் பிறகு கால் வலி இருந்தது. காலையில் தானாக எழுந்து நின்றார். “யாரும் கை குடுக்கல சார்” என்று அதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். மகள் உச்சியைத் தொட்டாள். அவர் கடைசி ஏற்றத்தில் கயிறு பிடிக்கிற இடம்வரை போய்விட்டு, “போதும்மா” என்று பாறையில் உட்கார்ந்துகொண்டாராம்.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். மேட்டைக் காட்டச் சொன்னால், இல்லை என்றார்கள். நண்பரின் தாயாரை அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். ராத்திரித் துணைக்கு இருக்கும் மருமகள் வார்டுக்கு வெளியே சிமென்ட் தரையில் படுக்க வேண்டும். “இந்த வயசுல இது தேவையா?” என்று கேட்டாரே, அவரேதான் அந்த ஃபோம் மேட்டைச் சுருட்டி எடுத்துப் போயிருக்கிறார். காற்று மெத்தையைப் பக்கத்துப் படுக்கை நோயாளியின் அக்காவுக்குக் கொடுத்திருக்கிறாராம்.