பயமில்லாத பந்தயத்தில் யார் யாருக்கு இடம் விடுவது?

2020 மே 2. கொரோனா ஊரடங்கால் பந்தயத் தடங்கள் பூட்டிக் கிடந்த நேரம். அமெரிக்காவின் இண்டிகார் ஓட்டுநர்கள் வீட்டிலேயே ஸ்டீயரிங், பெடல், கணினித் திரை வைத்துக்கொண்டு, ஐரேசிங் என்ற மென்பொருளில் இண்டியானாபொலிஸ் தடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பந்தயம் முடியச் சில சுற்றுகளே இருந்தன. வெற்றியை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஃபார்முலா ஒன் ஓட்டுநர் லாண்டோ நாரிஸின் பாதையில் இண்டிகார் ஓட்டுநர் சிமோன் பஷெனோ வேகத்தைக் குறைத்தார். நாரிஸின் கார் மோதியது, வெற்றி பறிபோனது. நாரிஸைச் சற்றுத் தாமதப்படுத்தவே நினைத்ததாகப் பஷெனோ பின்னர் சொன்னார். முந்தைய ஆண்டுதான் அதே தடத்தில் நிஜமான இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை வென்றவர் அவர்.

மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில், நிஜச் சுவருக்குப் பக்கத்தில், எந்த ஓட்டுநரும் இதற்குத் துணியமாட்டார். திரையில் எலும்பு முறிவதில்லை, பழுது பார்க்கும் செலவும் இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் புதுக் கார் வந்து நிற்கிறது. நிஜத் தடத்தில் பாதி ஒழுங்கைப் பயமே காப்பாற்றிவிடுகிறது. கணினியில் ஓட்டும் சிம் ரேசிங்கில் அந்த வேலை முழுவதும் விதிகளின் தலையில் விழுகிறது. ஆனால் இரவு பத்து மணிக்கு ஏதோ ஒரு லாபியில் (ஆன்லைன் பந்தய அறையில்) நுழையும் இருபது பேரில் பலர் அந்த விதிகளைப் படித்ததே இல்லை. லாபிகளைக் கெடுப்பதில் வேண்டுமென்றே இடிப்பவர்களைவிட இந்த அறியாமைக்கே பெரிய பங்கு என்பது என் உறுதியான எண்ணம்.

விதிகளின் வேர் நிஜப் பந்தயத்தில்தான் இருக்கிறது. உலக மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்ஐஏ அமைப்பின் சட்டத் தொகுப்பில் ‘எல்’ என்ற பிற்சேர்க்கை உண்டு. தன் இடத்தைக் காத்துக்கொள்ள ஓட்டுநர் ஒரு முறைதான் பாதை மாறலாம். பிறகு ரேசிங் லைன் எனப்படும் வேகமான பாதைக்குத் திரும்பும்போது தடத்தின் ஓரத்தில் ஒரு கார் அகலமாவது விட்டுவைக்க வேண்டும் என்கிறது அது. இதோடு சேர்ந்து வரும் வழக்கம்: முந்த வருபவரே பத்திரமாக முந்தும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். வளைவுக்குள் திரும்புவதற்கு முன்பே அவர் பக்கவாட்டில் வந்து சேர்ந்திருந்தால் இடம் அவருக்கும் உண்டு. தொலைவிலிருந்து பிரேக்கைத் தாமதித்துக் கடைசி நொடியில் உள்பக்கம் பாய்ந்தால் இல்லை. எவ்வளவு தூரம் பக்கவாட்டில் வந்திருக்க வேண்டும் என்பது தொடருக்குத் தொடர் மாறும்.

சிம்முக்கே உரிய சிக்கல்கள் வேறு. ஒற்றைத் திரையில் ஓட்டுபவருக்குத் தன் கதவுக்குப் பக்கத்தில் நிற்கும் கார் தெரியாது, கழுத்தைத் திருப்பிப் பார்க்கவும் முடியாது. அதனால்தான் ‘இடப்பக்கம் கார்’ என்று காதில் சொல்லும் ஸ்பாட்டர் குரலை அணைக்காமல் வைத்திருக்க வேண்டும். இன்னொன்று இணையத் தாமதம். மணிக்கு 200 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடியில் 55 மீட்டருக்கு மேல் கடக்கிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமானாலே ஐந்தரை மீட்டர், அதாவது ஒரு காரின் நீளத்தைவிட அதிகம். உங்கள் திரையில் தெரியும் எதிராளி, அவர் இந்நேரம் எங்கே இருப்பார் என்று கணினி போட்ட கணக்குதான். உங்கள் திரையில் இடைவெளி இருக்கும்போதே அவர் திரையில் நீங்கள் இடித்திருக்கலாம். தூரத்து நாட்டவர்களோடு ஓட்டும்போது கூடுதல் இடைவெளி விடுவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

முதல் சுற்றின் முதல் வளைவில் இவை எல்லாம் ஒன்றாகச் சேருகின்றன. டயர்கள் சூடேறியிருக்காது, பிடிமானம் குறைவு. சுங்கச்சாவடியை நெருங்கும் வண்டிகள்போல, முன்னவர் சற்றே பிரேக் பிடித்தால் பின்வரிசையில் இருப்பவர் முழுதாக நிற்க வேண்டியிருக்கும். தனியாகப் பயிற்சி செய்தபோது பிரேக் பிடித்த அதே இடத்தில் பிடிப்பவர் நிச்சயம் இடிப்பார். அங்கே முன்கூட்டியே பிரேக் பிடிப்பதைக் கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம். பந்தயத்தை முடிக்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

யார் தவறு என்று யார் தீர்மானிப்பது? 2008இல் தொடங்கிய ஐரேசிங், தடத்தை விட்டு வெளியே போனால் ஒரு தவறுப் புள்ளி, கட்டுப்பாடு இழந்தால் இரண்டு, இன்னொரு காரைப் பலமாக இடித்தால் நான்கு என்று கணக்கு வைக்கிறது. இடித்தவர், இடிபட்டவர் இருவருக்கும் அதே நான்கு. இது அநியாயம் என்று புதியவர்கள் கொதிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் இந்த முறையின் பக்கம்தான். உள்நோக்கம் எதுவென்று இயந்திரத்துக்குத் தெரியாது. பழி யார்மேல் என்று வாதிடுவதைவிட மோதலையே தவிர்க்க இந்த முறை பழக்குகிறது. முன்னே போகிறவர் தடுமாறுவார் என்று முன்னுணர்ந்து விலகுவதும் ஓட்டும் திறமைதான். அசெட்டோ கோர்சா காம்பெடிட்சியோனே என்ற விளையாட்டு இன்னொரு நல்ல வழி கண்டது: பிறரோடு நெருக்கமாக, இடிக்காமல் ஓட்டினால் பாதுகாப்பு மதிப்பெண் ஏறும். 2017இல் வந்த கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட், பந்தய நாகரிகம் பற்றிய காணொளிகளைப் பார்த்த பிறகே ஆன்லைன் போட்டிக்குள் விட்டது.

பின்னால் வேகமான கார் வரும்போது காட்டும் நீலக் கொடியில் குழப்பம் அதிகம். ஃபார்முலா ஒன்னில் ஒரு சுற்று பின்தங்கப் போகிறவர் வழிவிட்டே ஆக வேண்டும். ஐரேசிங்கில் அது வேகமான கார் நெருங்குகிறது என்ற தகவல் மட்டுமே. பயந்து திடீரென ஒதுங்குபவர்தான் அங்கே விபத்தை உண்டாக்குகிறார். உங்கள் கோட்டிலேயே போங்கள், பின்னால் வருபவர் வழி கண்டுகொள்வார். கார் சுழன்று நின்றுவிட்டால் பிரேக்கை விடாதீர்கள். அசையாத காரை விலகிப் போகலாம், உருளும் காரை யாராலும் கணிக்க முடியாது. தடம் காலியான பிறகே உள்ளே வாருங்கள்.

வாயிலிருந்து வருவதும் நடத்தையில் சேர்த்திதான். 2020 ஏப்ரலில் நாஸ்கார் ஓட்டுநர் கைல் லார்சன், ஐரேசிங்கில் ஓடிக்கொண்டிருந்தபோது இனவெறிச் சொல் ஒன்றைச் சொன்னார். அது நேரலையில் எல்லோர் காதிலும் விழுந்தது. ஐரேசிங்கும் நாஸ்காரும் அவரை இடைநீக்கம் செய்தன, நிஜ அணி அவரை நீக்கியது.

அடுத்த முறை லாபியில் யாரையாவது தெரியாமல் இடித்து முந்திவிட்டால், பின்னால் வருபவர்களைப் பார்த்துப் பத்திரமாக வேகத்தைக் குறைத்து அந்த இடத்தைத் திருப்பிக் கொடுங்கள், சாட்டில் மன்னிப்பும் கேளுங்கள். உங்களை ஒருவர் வேண்டுமென்றே இடித்தால், பதிலுக்கு இடிக்காமல் ரீப்ளேயைச் சேமித்துவைத்துப் புகார் கொடுங்கள்.