வீடு கிடைக்கும் வரை: வீடு தேடும் குடும்பங்களின் உடல்நலம்

"டொக்டர், எங்களுக்கு வீடு கிடைக்கிறதுக்கு ஒரு கடிதம் எழுதித் தாருங்கோ."

கார் து நோர், லாச்சப்பல் பகுதியில் மருத்துவம் பார்க்கும் எம்மிடம் குளிர்காலம் தொடங்கினால் இந்த வேண்டுகோள் அடிக்கடி வரும். இருமல் என்று வந்தவர் மருந்துச் சீட்டை வாங்கி, எழும்பிக் கதவுப் பிடியில் கைவைத்த பிறகுதான் இதைக் கேட்பார். அவர் வந்த காரணமே அதுதான் என்பது எமக்கு அப்போதுதான் விளங்கும்.

பாரிசில் வாடகை வீடு தேடுவது எப்படிப்பட்டது என்று இம்மடலின் வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. மூன்று மாதச் சம்பளச் சிட்டை, வரிக் கடிதம், வாடகையைப் போல மூன்று மடங்கு வருமானம், பிணை நிற்க ஓர் ஆள். சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு ஆறு வருடம். எச்.எல்.எம். விண்ணப்பம் போட்டுவிட்டு அதைவிட நீண்ட காலம் இருப்போரும் எம்மிடையே உண்டு. இந்தக் காலத்தை எம்மவர் வாழ்க்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பல்லுக் காட்டுவது, சீனி பார்ப்பது, பிள்ளையின் முட்டுக்கு விசேட வைத்தியரிடம் போவது எல்லாவற்றுக்கும் "வீடு கிடைச்சதும் பார்ப்பம்" என்பதே பதில். ஆனால் இது தற்காலிக முகவரி என்று நுரையீரலுக்கும் இரத்தக் குழாய்க்கும் தெரியாது.

ஒரு குடும்பத்தைச் சொல்கிறோம். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறோம். தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள். பதினெட்டுச் சதுர மீற்றர் அறை, ஒரேயொரு யன்னல். தகப்பன் உணவகக் குசினியில் வேலை முடித்து இரவு ஒரு மணிக்குப் பிறகு வருபவர். மூத்த மகனுக்கு ஆறு வயது, முட்டு வருத்தம். ஒரே குளிர்காலத்தில் மூன்றாவது தடவையாக அவனைக் கொண்டுவந்தார்கள். மருந்து சரியாகத்தான் எடுக்கிறான். பம்ப் அடிக்கும் முறையும் சரி. பிள்ளை எங்கே படுக்கிறான் என்று கேட்டோம். வெளிச்சுவரோடு ஒட்டி, நிலத்தில் மெத்தை. மெத்தையைத் தூக்கிப் பார்த்தீர்களா என்றோம். அடுத்த தடவை தாயார் கைத்தொலைபேசியில் படம் கொண்டுவந்து காட்டினார். மெத்தையின் அடிப்பக்கமும் சுவரும் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருந்தன. குளிர் வருகிறதென்று யன்னலுக்கு மேலிருந்த காற்றுத் துவாரத்தைத் துணியால் அடைத்திருந்தார்கள். கழுவிய உடுப்பு கட்டிலுக்கு மேலே கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தது.

இதில் யாரையும் குறைசொல்ல இடமில்லை. பதினெட்டுச் சதுர மீற்றரில் உடுப்பை வேறு எங்கே போடுவது? ஆனால் நாலு பேர் மூச்சுவிட்டு, சோறு வடித்து, குளித்து, உடுப்புக் காயவைக்கும் அறையில் ஒரு நாளைக்குப் பல லீற்றர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. வெளியேற வழியில்லாவிட்டால் அது குளிர்ந்த சுவரில்தான் போய்ப் படியும். பூஞ்சணத்துக்கு வேண்டியது அதுதான். அந்தக் குடும்பம் செய்தது சின்னச் சின்ன மாற்றங்கள். மெத்தையை மாற்றி, பலகைச் சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டார்கள். துணியை எடுத்துவிட்டார்கள். காலையும் இரவும் பத்து நிமிடம், பனி கொட்டினாலும், யன்னலை முழுதாகத் திறந்தார்கள். சோற்றுப் பானைக்கு மூடி. உடுப்பு காயவைக்க, கிழமைக்கு ஒரு தடவை தெருமுனைச் சலவை நிலையம். சாம்பிராணி போடுவதை நிறுத்தச் சொன்னதற்கு அம்மம்மா தொலைபேசியில் ஏசினாராம். வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கு விளக்கு மட்டும் போதும் என்று சமாதானமாகிவிட்டது. முட்டு மாறிவிட்டது என்று நாம் சொல்லமாட்டோம். இரவில் நீலப் பம்ப் தேடும் நாட்கள் குறைந்தன. பாடசாலைக்குப் போகாத நாட்கள் குறைந்தன. வீடு இன்னும் கிடைக்கவில்லை.

சுவரைத் துடைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜாவெல் தண்ணீரோடு வினாகிரியையோ மலசலகூடம் கழுவும் அமிலத்தையோ கலக்கக் கூடாது. அதிலிருந்து வரும் வாயு நெஞ்சை அடைக்கும். முட்டுள்ள பிள்ளை அறையில் இருக்கும்போது துடைக்கவும் வேண்டாம்.

காற்றுத் துவாரத்தை அடைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சுடுதண்ணீருக்கோ சூட்டுக்கோ எரிவாயு பயன்படுத்தும் வீட்டில் காற்றோட்டம் இல்லாவிட்டால் கார்பன் மொனொக்சைட் சேரும். நிறமும் மணமும் இல்லாத நஞ்சு அது. ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் பலருக்குத் தலையிடி, சத்தி, தலைச்சுற்று வந்தால் பரசிற்றமோலைத் தேடாதீர்கள். யன்னலைத் திறந்து, எரிவாயுவை நிறுத்தி, எல்லோரும் வெளியே வந்து 18 அல்லது 112 ஐ அழையுங்கள். புகை அறிவிக்கும் கருவி 2015 மார்ச் முதல் எல்லா வீட்டிலும் கட்டாயம். அதை வாங்கிக் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை. ஆனால் அது இந்த வாயுவை அறிவிக்காது. அதற்கு வேறு கருவி.

நெருக்கமாக வாழ்வோருக்குத் தீ என்ன செய்யும் என்பதை இந்நகரம் 2005 இல் கண்டது. ஏப்ரலில் பாரி-ஒப்பெரா விடுதியில் 24 பேர், ஓகஸ்ட் இறுதியில் வன்சோன்-ஓரியோல் பெருந்தெருவில் 14 பிள்ளைகள் உட்பட 17 பேர், சில நாட்களில் ருவா-தோரே வீதியில் 7 பேர். பெரும்பாலானோர் வீட்டுக்காகக் காத்திருந்த ஆபிரிக்கக் குடும்பத்தினர். உங்கள் கட்டடத்தின் படிக்கட்டில் பிள்ளை வண்டியும் பெட்டிகளும் அடுக்கியிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இனி ஈயம். எமது பகுதியிலுள்ள கட்டடங்களில் பல 1949 க்கு முந்தியவை. அவற்றின் பழைய வர்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். உரியும் வர்ணத்தையும் தூசியையும் தவழும் பிள்ளை வாயில் வைக்கும். வலி, காய்ச்சல் எதுவும் தெரியாது. மூளை வளர்ச்சியைத்தான் அது பாதிக்கும். இரத்தத்தில் லீற்றருக்கு 50 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே சுகாதாரத் துறைக்கு அறிவிக்க வேண்டும் என்று 2015 இல் வரம்பு பாதியாகக் குறைக்கப்பட்டது. பழைய கட்டடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையோ கர்ப்பிணியோ இருந்தால் குடும்ப மருத்துவரிடமோ தாய்சேய் நிலையத்திலோ (பே.எம்.இ.) சொல்லுங்கள். ஓர் இரத்தப் பரிசோதனை போதும். அதுவரை உரியும் இடத்தைச் சுரண்டாமல், ஈரத் துணியால் நிலத்தைத் துடையுங்கள்.

தனியாக இருக்கும் தம்பிமார் ஓர் அறையில் ஆறு பேர், எட்டுப் பேர் என்று இருப்பது எண்பதுகளோடு முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. இரவு வேலை செய்பவர் எழும்பிப் போக, பகல் வேலை செய்பவர் அதே மெத்தையில் படுக்கிறார். இவர்களில் ஒருவருக்கு மூன்று கிழமைக்கு மேல் இருமல் நின்றால், மெலிந்தால், இரவில் வியர்த்தால், காசநோய் இல்லையென்று உறுதிப்படுத்த வேண்டும். காசநோய் கோப்பையால் தொற்றாது, காற்றால் தொற்றும். இன்று முற்றாக மாற்றக்கூடிய நோய். வெட்கப்பட்டு ஒளித்தால் அறை முழுவதற்கும் பரவும். கைவிரல் இடுக்கில் இரவில் கடிக்கும் சொறி என்றால் அறையிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் மருந்து எடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் எடுத்துப் பயனில்லை. காப்புறுதி அட்டை இல்லாதவர்களும் லாரிபுவாசியேர் வைத்தியசாலையில் 'பாஸ்' எனப்படும் சேவைக்குப் போகலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. இப்படிக் கட்டில் கணக்கில் காசு வாங்குவோரில் எம்மவரும் உண்டு. திறப்பைக் கையில் தரவே ஒரு தொகை, கடிதப் பெட்டியில் பெயர் போடத் தடை. சட்டப்படி வாடகைக்கு விடும் வீட்டில் ஒரு பிரதான அறையாவது 9 சதுர மீற்றரும் 2.20 மீற்றர் உயரமும், அல்லது 20 கன மீற்றர் கொள்ளளவும் இருக்க வேண்டும் என்று 2002 இலேயே விதி வந்துவிட்டது. உதவி செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு நிலவறையை வாடகைக்கு விடுவதை உதவி என்று நாம் சொல்லமாட்டோம்.

பெட்டியில் பெயர் இல்லாதது உடல்நலப் பிரச்சினையும்தான். 50 முதல் 74 வயது வரையுள்ள பெண்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மார்பகப் பரிசோதனை அழைப்பு வரும். முகவரி பிழையென்றால் அது வராது. அழைப்பு வராவிட்டாலும் மருத்துவரிடம் கேட்டுப் பரிசோதனை செய்யலாம் என்பதை அக்காமார் மறக்க வேண்டாம்.

வீடு பார்க்க அலையும் பெரியவர்களின் நிலையும் கவலைக்குரியது. இரவு வேலை முடிந்து நாலு மணித்தியால நித்திரை, பிறகு சார்செல், லாக்கூர்னெவ் என்று ரயிலேறி வீடு பார்த்தல், மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு பணிஸ். எம்மவரிடையே சீனி வருத்தம் அதிகம். சாப்பாடு தவறும் நாளில் குளிசையையும் தாமாகவே நிறுத்துவோர் உண்டு. நிறுத்தாதீர்கள். எந்தக் குளிசையைச் சாப்பாடு இல்லாமல் எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கிழமையில் ஒரு நாளாவது வீடு பற்றிக் கதைக்காத நாளாக வையுங்கள் என்றும் சொல்கிறோம். பிள்ளைகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருக்கிறார்கள்.

சரி, அந்தக் கடிதம். மருத்துவர் தாம் கண்டதை மட்டுமே எழுதலாம். பிள்ளைக்கு முட்டு உண்டு, ஈரமும் பூஞ்சணமும் அதைக் கூட்டும் என்று எழுதுவோம். பார்க்காத சுவரைப் பற்றி எழுதமாட்டோம். அதற்குப் படம் எடுத்துத் திகதியோடு வையுங்கள். பாரிசுக்குள் என்றால் 3975 க்கும், வெளியில் உள்ளூர் மாநகர சபைக்கும் அறிவித்துச் சுகாதாரப் பரிசோதகரை வரவழையுங்கள். அவரது அறிக்கை எமது கடிதத்தைவிடப் பலமானது. 2007 மார்ச் 5 ஆம் திகதியின் 'தாலோ' சட்டப்படி, வயதுவராத பிள்ளையோடு இட நெருக்கடியில் அல்லது தகுதியற்ற வீட்டில் இருப்போர், வதிவிட அனுமதி இருந்தால், வீட்டுரிமை கோரலாம். நாலு பேருக்கு 'காஃப்' கணக்கில் வேண்டியது 34 சதுர மீற்றர். சட்டம் சொல்லும் காலத்துக்குள் வீடு வருவது அரிது. ஆனாலும் வரிசையில் நில்லுங்கள். எச்.எல்.எம். விண்ணப்பத்தை வருடாவருடம் புதுப்பிக்கத் தவறினால் அது நீக்கப்படும். தனியார் வீட்டுக்காரருக்கு மருத்துவக் கடிதமோ காப்புறுதி அட்டைப் பிரதியோ கொடுக்கத் தேவையில்லை. அவற்றைக் கேட்க அவருக்கு உரிமையும் இல்லை.

புதிய வீடு பார்க்கப் போகும்போது குசினியின் அழகைவிட மூக்கை நம்புங்கள். புது வர்ணத்தின் கீழ் ஈர மணம் வருகிறதா? அலுமாரிக்குப் பின்னால் சுவர் எப்படி? குளியலறைத் துவாரத்தில் ஒரு காகிதத் துண்டை வைத்தால் இழுக்கிறதா? சக்திச் சான்றிதழில் 'ஜி' தரமுள்ள வீட்டை 2025 சனவரி முதல் புதிதாக வாடகைக்கு விட முடியாது. பழைய கட்டடமென்றால் ஈய அறிக்கையைக் கேளுங்கள்.

குடிபோகும்போது தெருவோரத்தில் கிடக்கும் மெத்தையை எடுக்க வேண்டாம். மூட்டைப்பூச்சி அதோடு வரும். உடுப்புகளை 60 பாகையில் கழுவிப் பையில் கட்டுங்கள். குளிசைகள், பம்ப், பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகம் மூன்றையும் பெட்டிகளில் போடாமல் கைப்பையில் வையுங்கள். புதிய முகவரியை முதற் கிழமையிலேயே காப்புறுதி நிலையத்துக்கு அறிவியுங்கள். தூரம் போனவர்கள் அங்கே புதிய குடும்ப மருத்துவர் கிடைக்கும் வரை பழையவரிடமே வரலாம்.